‘கிளிக்’ சத்தத்தை எப்போது நம்பலாம்?

ஜோகூர் பாருவுக்குப் போய் டயர் மாற்றிக்கொண்டு, அப்படியே சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. காசு மிச்சம்தான். ஆனால், சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடியும் சரிபார்க்க வேண்டும் என்று டயர்க் கடைகளே சொல்வதுண்டு. அதற்காக யார் மீண்டும் கடற்பாலத்தில் வரிசை பிடிக்கப் போகிறார்கள்? அந்த 100 கிலோமீட்டரைத் தீவு விரைவுச்சாலையிலேயே ஓட்டி முடித்துவிடுகிறோம்.

நட்டு தளர்ந்தால் சக்கரம் கழலும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் ஆபத்துதான். நட்டைப் பிடித்திருக்கும் போல்ட் இழுபட்டு, வலுவிழந்து, என்றாவது ஒருநாள் முறியும். அதனால்தான் ஒவ்வொரு வாகனத்தின் கையேட்டிலும் இறுக்க வேண்டிய முறுக்குவிசை எண்ணாகவே தரப்படுகிறது. டொயோட்டா கொரோலா வகைகள் பலவற்றின் சக்கர நட்டுக்கு அது 103 நியூட்டன் மீட்டர். சிறிய மோட்டார்சைக்கிள்களில் எஞ்சின் எண்ணெயை வடிக்கும் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 வரை போதும். அந்த அலுமினியத்தில் ‘நல்லா இறுகட்டும்’ என்று ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தால் மரை போய்விடும். உணவு விநியோகிப்பவருக்கு அது ஒருநாள் வருமானம்.

அந்த எண்ணைக் கைக்கணக்கில் பிடிக்க முடியாது. அதற்காக வந்த கருவிதான் டார்க் ரெஞ்ச். நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார், 1918ஆம் ஆண்டில் குழாய் இணைப்புகளின் போல்ட்டுகளை ஊழியர்கள் மிதமிஞ்சி இறுக்குவதைத் தடுக்க இதை உருவாக்கினார் என்பார்கள். இன்று அதிகம் புழங்கும் வகையில், கைப்பிடியைத் திருகி எண்ணை வைத்து இழுக்க வேண்டும். அந்த அளவு வந்ததும் ‘கிளிக்’ என்று கேட்கும். கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். ‘இன்னொரு கிளிக்’ வேண்டாம்.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் வட்டாரம் ஒரு காலத்தில் இரும்புக் கடைகளுக்கும் உதிரிபாகக் கடைகளுக்கும் பேர்போனது. இப்போது பல கடைகள் காப்பிக் கடைகளாகிவிட்டன. டிர்விட் சாலையில் ஒரு காப்பிக் கடை, பெயரிலேயே ‘ஹார்ட்வேர்’ என்பதை வைத்துக்கொண்டிருக்கிறது! 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தையில் பழைய ஸ்பேனர்களைக் குவித்து வைத்து விற்றார்கள். சாதாரண ஸ்பேனரை அப்படிக் குவியலிலிருந்து பொறுக்கலாம். டார்க் ரெஞ்சை மட்டும் கூடாது. அதற்குள் இருப்பது ஸ்பிரிங். அது எத்தனை முறை கீழே விழுந்ததோ, யாருக்குத் தெரியும்?

நல்ல கருவியே கையில் இருந்தாலும், அதனுடன் எதையாவது மாட்டும்போது குழப்பம் தொடங்குகிறது. சக்கரக் குழி ஆழமாக இருந்தால் ரெஞ்சுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே நேரான எக்ஸ்டென்ஷன் தண்டைப் போடுவோம். ‘நீளம் கூடிவிட்டதே, கணக்கு மாறுமா?’ என்ற சந்தேகம் பலருக்கு வரும். மாறாது. அந்தத் தண்டு நட்டின் அச்சிலேயே நிற்கிறது. நம் கைக்கும் அந்த அச்சுக்கும் உள்ள தூரம் கூடவில்லை. தண்டு சாய்ந்துவிடாமல் மறு கையால் தாங்கிக்கொண்டால் போதும்.

பக்கவாட்டில் நீளும் அடாப்டர் அப்படியல்ல. பிரேக் எண்ணெய்க் குழாயின் நட்டை நினைத்துப் பாருங்கள். குழாய் அதன் நடுவே ஓடுவதால் மேலிருந்து சாக்கெட்டை இறக்க வழியில்லை. பக்கத்திலிருந்து நுழைக்கும் வாய் திறந்த அடாப்டர்தான் வேண்டும். காக்கைக் காலைப் போல இருப்பதால் அதை ‘குரோ ஃபுட்’ என்கிறார்கள். அதை ரெஞ்சின் நேர்கோட்டிலேயே முன்னால் நீட்டி மாட்டினால், நெம்புகோல் நீண்டுவிடுகிறது. ரெஞ்ச் காட்டும் எண் ஒன்று, நட்டுக்குப் போகும் விசை வேறொன்று.

கணக்கு எளிதுதான். கைப்பிடியின் நடுவிலிருந்து ரெஞ்சின் சதுர முனைவரை 400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த முனையிலிருந்து நட்டின் நடுவரை அடாப்டர் 50 மில்லிமீட்டர் நீள்கிறது. நட்டுக்குத் தேவை 90 நியூட்டன் மீட்டர். 90ஐ 400ஆல் பெருக்கி 450ஆல் வகுத்தால் 80. ரெஞ்சில் வைக்க வேண்டிய எண் அதுதான். கணக்குப் போடாமல் 90இலேயே வைத்து இழுத்தால் நட்டுக்கு 101க்கு மேல் போய்விடும். அடாப்டரைக் கைப்பிடிப் பக்கமாகத் திருப்பி மாட்டினாலோ 79கூட வராது.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. அடாப்டரை ரெஞ்சுக்குச் செங்கோணத்தில், ஆங்கில ‘எல்’ எழுத்தைப் போல மாட்டினால் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. இடம் கிடைக்கும்போதெல்லாம் இதையே செய்யலாம் என்பேன். நேர்கோட்டில்தான் மாட்ட முடியும் என்றால், கை எங்கே பிடிக்கிறது என்பதும் கணக்கில் சேரும். கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி இழுப்பவர்கள் போட்ட கணக்கு அத்தோடு போயிற்று.

எண் சரியாக இருந்தும் எண்ணெய் கெடுப்பதுண்டு. நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மற்றதெல்லாம் உராய்வுக்கே போகிறது. மரையில் எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து, அதே ‘கிளிக்’கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடக்கூடும். கையேடு தடவச் சொல்லாத இடத்தில் தடவாதீர்கள்.

நம் ஊரில் 3 முதல் 10 வயதுவரையிலான கார்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை உண்டு. அதற்கு மறுவாரம் மாற்றிய டயரை அந்தச் சான்றிதழ் காக்காது. சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ பட்டறையில் வண்டியை விடும்போது, சக்கரத்தைக் கடைசியாக இறுக்கியது ஏர் கன்னா, டார்க் ரெஞ்சா என்று தயங்காமல் கேளுங்கள்.

சொந்தமாக ஒன்று வாங்குவதானால், அனைத்துலகத் தரநிலையான ஐஎஸ்ஓ 6789 குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்துபவர் வேறு முறை வகுத்திராவிட்டால் 12 மாதங்களுக்கு அல்லது 5,000 முறைக்கு ஒருதடவை அளவுத்திருத்தம் செய்வது வழக்கம். சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடங்கள் இதைச் செய்துதருகின்றன. வேலை முடிந்ததும் எண்ணை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கிப் பெட்டியில் வையுங்கள். பூஜ்யத்துக்கும் கீழே திருகிவிடாதீர்கள். இறுகிய நட்டைக் கழற்ற அதை எடுக்கவும் வேண்டாம். அதற்குச் சாதாரண ஸ்பேனர் இருக்கிறது.