கீறுகிற கைக்கும் கூலி உண்டு



"எவ்வளவு காசு கேக்கலாம், தங்கச்சி?"

அந்த அக்கா இதை என்னிடம் கேட்டபோது, கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டவர்போலக் குரலைத் தணித்தார். நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்காரர் தன் மதிலில் மீனும் பவளப்பாறையும் கீறித் தரும்படி அவரிடம் சொல்லியிருந்தார். கீறுவதற்கு அக்கா பயப்படவில்லை. விலை சொல்லத்தான் பயந்தார்.

அவர் மூதூர் கிழக்கைச் சேர்ந்தவர். 2006 இல் இடம்பெயர்ந்து, கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் முகாம்களில் காலம் கழித்தவர். முகாமில் பிள்ளைகளின் அழுகையை நிறுத்தக் கரித்துண்டால் அணிலும் ஆமையும் கீறிக் காட்டியதுதான் தொடக்கம். சம்பூர்ப் பகுதிக் காணிகள் 2015 முதல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பிய பின்னர், முன்பள்ளிச் சுவர், கோயில் மண்டபச் சுவர், சங்கக் கட்டடச் சுவர் என்று மூன்று சுவர்களில் கீறினார். மூன்றுக்கும் கிடைத்தது தேநீரும் பாராட்டும்தான். அந்த நாட்களில் வயற்கூலிக்குப் போக முடியாமல் வீட்டில் அரிசி குறைந்ததை யாரும் விசாரிக்கவில்லை.

ஏன் தயங்குகிறோம்?

கடைக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஆணிடம் "எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பெண் கீறினால் அது கோலம் போடுவதைப்போல, அன்பால் செய்யும் காரியமாகவே எண்ணப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் 'கூலியற்ற உழைப்பு' என்ற சொல்லை நான் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். அதன் பொருள் விளங்கியது இந்த அக்காவின் அடுப்படியில்தான்.

2019 இன் இறுதியில், ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு, நாட்டின் பல பாகங்களிலும் இளைஞர்கள் வீதிச் சுவர்களில் ஓவியம் கீறியது உங்களுக்கு நினைவிருக்கும். பெரும்பாலும் அது தொண்டாகவே நடந்தது. சுவரோவியத்தை நின்று பார்க்கும் பழக்கம் மக்களுக்கு வந்தது. "படம்தானே, சும்மா கீறித் தருவார்கள்" என்ற எண்ணமும் கூடவே வந்தது.

இந்தியாவின் பீகார் மாநிலத்தில் மிதிலைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுச் சுவர்களில் கீறிவந்தார்கள். 1960களின் நடுப்பகுதியில் கடும் வரட்சி வந்தபோது, அகில இந்தியக் கைப்பணிச் சபை அவர்களுக்குக் கடதாசி கொடுத்துக் கீறச் செய்து, விற்பதற்கும் வழிசெய்தது. சுவரில் இருந்த அதே மீனும் தாமரையும் அந்த வீடுகளுக்குச் சோறு போட்டன. அந்த வழியில் வந்தவர்களில் ஒருவர் துலாரி தேவி. மீன்பிடிச் சமூகத்தில் பிறந்தவர், பள்ளிப் படிப்பு இல்லாதவர். ஓவியர் மகாசுந்தரி தேவியின் வீட்டில் வேலை செய்தபடியே பார்த்துப் பழகினார். 2021 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

விலை சொல்வது எப்படி?

அக்காவும் நானும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். விடுதி மதில் 10 அடி நீளம், 8 அடி உயரம். ஆக 80 சதுர அடி. சீரான சுவரில் ஒரு லீற்றர் பெயின்ட் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 100 சதுர அடிக்கு வரும். கரடான சுவர் கூடுதலாகக் குடிக்கும். பெயின்ட் செலவு, தூரிகைத் தேய்மானம், பஸ் காசு ஆகியவற்றைக் கூட்டினோம். எத்தனை நாள் வேலை என்று எண்ணி, ஊரில் மேசனுக்குக் கொடுக்கும் நாட்கூலியால் பெருக்கிச் சேர்த்தோம். வந்த தொகையை 80 ஆல் வகுத்தால் சதுர அடிக்கான விலை.

"மேசனுக்குக் குடுக்கிற கூலியா? எனக்கா?" என்றார் அக்கா.

"உங்களுக்குத்தான். அவரும் வெயிலில் நிற்கிறார், நீங்களும் வெயிலில் நிற்கிறீர்கள்" என்றேன்.

பிறகு நான் விடுதிக்காரராக நடித்தேன். "கூடத்தான் அம்மா, குறையுங்கோ" என்று பேரம் பேசினேன். முதல்முறை பாதியாகக் குறைத்துவிட்டார். நான்காம் முறைதான் அந்தப் பதில் வந்தது: "குறைக்க வேணுமெண்டால் படத்தைச் சின்னதாக்கிறன் ஐயா. கூலியைக் குறைக்கேலாது." மறுநாள் விடுதியில் அதையே சொன்னார். விடுதிக்காரர் சிரித்துக்கொண்டு சம்மதித்தார்.

பெயின்ட் வாங்குமுன் பாதிப்பணத்தை முற்பணமாகப் பெறுங்கள். அதற்காக நுண்கடன் எடுக்க வேண்டாம். 2018 இல் அரசாங்கமே முன்வந்து பெண்களின் கடன்களை இரத்துச் செய்யவேண்டிய அளவுக்கு அந்தச் சுமை ஏறியதை நாம் கண்டோம். என்ன படம், எத்தனை நாள், எத்தனை தடவை மாற்றித் தருவீர்கள் என்பதைக் கடதாசியில் எழுதுங்கள். "இவ்விலை இரண்டு வாரங்களுக்கு மட்டும்" என்றும் சேருங்கள். 2022 நெருக்கடியில் பெயின்ட் விலை ஏறிய வேகம் மறக்கக்கூடியதல்ல.

உரிந்த சுவர்

மூன்றாம் வாரம் விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. கீழ்ப்பகுதியில் பெயின்ட் உரிகிறதாம். "இனி என்னை ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்" என்று அக்கா இடிந்துபோனார். பிழையில் எனக்கும் பங்குண்டு. மழை விட்ட மறுநாளே தொடங்கும்படி அவசரப்படுத்தியவள் நான்தான்.

அனுபவமுள்ள ஒரு பெயின்ட் பாஸிடம் கேட்டோம். கடலோரச் சுவரில் உப்புப் படியும். பழைய பூச்சைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் கழுவி, முழுமையாகக் காயவிட்டு, பிரைமர் பூசி, வெளிச்சுவருக்கான பெயின்டையே பாவிக்கவேண்டும் என்றார். புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவரென்றால் நான்கு வாரமாவது பொறுக்க வேண்டுமாம்.

அக்கா திரும்பப் போனார். "பிழை என்ர. திருத்தித் தாறன்" என்று சொல்லி, கூலி வாங்காமல் கீறிக் கொடுத்தார். விடுதிக்காரர் அடுத்த வாரம் இன்னொரு விடுதிக்கு அவரை அனுப்பினார். விலை சொன்ன அன்று வராத தைரியம், பிழையை ஒத்துக்கொண்டு நின்ற அன்று வந்ததாக அக்கா சொல்கிறார்.

வேலை எங்கே?

உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் மட்டுமல்ல. முன்பள்ளிகள், ரியூசன் வகுப்புகள், சாப்பாட்டுக்கடைகள், அழகு நிலையங்கள், சுகாதாரச் செய்தி எழுதவேண்டிய கிளினிக் சுவர்கள் என்று திருகோணமலையில் சுவருக்குக் குறைவில்லை. விடுதிகளை உல்லாசப் பயணிகள் வருமுன் பங்குனி, சித்திரையில் அணுகுங்கள். ஐப்பசி முதல் மழைக்காலத்தில் உட்சுவர் வேலை தேடுங்கள். பாடசாலைகளுக்கு விடுமுறையே வசதி. போகும்போது அவர்களுடைய சுவரையே கடதாசியில் கீறிக்கொண்டு போங்கள். பேச்சு தானாக வரும். முடித்த சுவரின் முன்-பின் படங்களைக் கைத்தொலைபேசியில் வைத்திருங்கள். முதலில் தனியாகப் போகக் கூச்சமென்றால் இருவராகப் போங்கள். வேலை நிலைத்த பின் கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம்.

அக்கா இன்றும் அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போகிறார். சுவர் மட்டும் வீட்டைத் தாங்கும் நிலை இன்னும் வரவில்லை. ஆனால் மகளின் ரியூசன் காசு சுவரிலிருந்து வருகிறது. வருடத்தில் ஒரு சுவரை ஊருக்கு இலவசமாகக் கீறுகிறார். அதற்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறார்: இவ்வளவு பெறுமதி, அன்பளிப்பு என்று.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது கீற வருமா? இந்தக் கிழமை உங்கள் ஊரில் ஒரு சுவரை அளந்து, கொப்பியில் கணக்கை எழுதுங்கள். வந்த விலையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.