டப்பாவில் பிறந்த தாளம்

மும்பை வீசியெறிந்ததை எடுத்து வாசித்தார்கள் தாராவிச் சிறுவர்கள். அந்தத் தாளத்துக்கு நாளை இடமிருக்குமா?

நல்ல டிரம் செட் வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். தாராவிப் பிள்ளைகளுக்கு அது தேவைப்படவில்லை. நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய், காலி பெயின்ட் டப்பா, கண்ணாடி பாட்டில் ஆகியவைதான் 'தாராவி ராக்ஸ்' குழுவின் வாத்தியங்கள். குப்பை பொறுக்குவோரிடையே பணியாற்றும் அக்கார்ன் அமைப்பு, வழக்கறிஞர் வினோத் ஷெட்டியின் முயற்சியில் உருவாக்கிய குழு இது. பீப்பாயின் நடுவில் அடித்தால் கனத்த ஓசை. டப்பாவின் விளிம்பில் தட்டினால் கறாரான 'டக்'. பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்தே தரம் பிரிக்கும் தொழிலாளர்களின் பேட்டையில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த ஓசைகள் பழகியவை.

மேற்கே பங்க் ராக் பிறந்த கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 1974-ல் நியூயார்க்கில் தொடங்கிய ரமோன்ஸ் குழுவில் டாமி ரமோன் முதலில் நிர்வாகிதான். பொருத்தமான டிரம்மர் அகப்படாததால் தானே குச்சியைக் கையிலெடுத்தார். அலங்காரமில்லாத அவரது வேக அடியே பங்க் இசைக்கு இலக்கணமானது.

தாராவித் தமிழர்களுக்கும் தாளம் புதிதல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். தோல் விறைத்தால் எப்படி ஒலிக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டுங்காவை ஒட்டிய சண்முகானந்தா அரங்கின் மிருதங்க ஒலிக்கும் தாராவிக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் மேடைக்கும் சந்துக்கும் இடையிலான தூரம் கிலோமீட்டரில் அடங்காது. இளைய தலைமுறை அதைத் தன் வழியில் கடந்தது. தாராவியின் 'டோப்அடெலிக்ஸ்' ராப் குழு 2018-ல் ரஜினிகாந்தின் 'காலா' படப் பாடல்களில் ஒலித்தது.

'காலா' பேசிய நிலப் பிரச்சினை இப்போது நிஜத்தில் நிற்கிறது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு, தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் வசிப்பவர்களுக்கும் வெளியே வேறு ஏற்பாடு.

வீட்டுக்குக் கணக்கு இருக்கிறது. பீப்பாய் கழுவும் முற்றத்துக்கும் டப்பா குவியும் கிடங்குக்கும் என்ன கணக்கு என்பதுதான் தாராவியின் கவலை. அடுக்குமாடியின் எட்டாவது தளத்தில் குப்பையைத் தரம் பிரிக்க முடியாது. அங்கே பீப்பாய் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வாரா என்பதும் சந்தேகமே.