ஓய்வும் ஓர் உரிமையே

பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் கண்ணுக்கும் துணைவிக்கும் உரிமைகள் உண்டென்பதை நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். ஆகவே, களைத்த உடலுக்கு ஓய்வளிப்பது வீண்செயலன்று, கடமையாகும். அவ்வோய்வை எங்கே, எவ்வாறு தேடுகிறோம் என்பதே கேள்வி.

மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். 1153-ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவிய நாடு அது. 14-ஆம் நூற்றாண்டில் பயணி இப்னு பதூதா அங்கே காஜியாகப் பணியாற்றினார். அங்குள்ள உல்லாச விடுதித் தீவுகளில் மது தாராளம். மக்கள் குடியிருக்கும் தீவுகளிலோ மதுவுக்குத் தடை. ஐவேளையும் பாங்கொலி கேட்கும். அத்தீவுகளிலும் இன்று எளிய தங்குமனைகள் உள்ளன. குடும்பத்துடன் செல்வோர்க்கு அவையே ஏற்றவை.

சுபுஹு தொழுதுவிட்டுக் கரையில் நடந்தால் காலடியில் வெண்மணல். அம்மணலில் கணிசமான பங்கு, பவழப்பாறையைக் கொறித்துண்ணும் கிளிமீன்கள் வெளியேற்றிய துகள்களே! அப்பாறையோ, கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் சிற்றுயிர்கள் காலங்காலமாகச் சுண்ணாம்பால் கட்டியெழுப்பியது. அல்லாஹ்வின் ஆற்றலைச் சிந்திப்போர்க்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

கடல்நீர் மிகைவெப்பமடைந்த 1998-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் அப்பவழங்கள் வெளிறி, பெருமளவில் மடிந்தன. எஞ்சியவற்றின்மீது கால் பதிப்பதும், நினைவுப் பொருளாக ஒடித்தெடுப்பதும் அநீதியாகும்.

உடலின் உரிமையை நிறைவேற்றச் சென்றவர், பிற உயிர்களின் உரிமையைப் பறித்துத் திரும்பலாமா? சிந்திப்போமாக!