பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர்

கிராஞ்சி போர் நினைவிடத்தின் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்து, எங்கே புதைக்கப்பட்டார்கள் என்றே தெரியாமல் போன வீரர்களின் பெயர்கள் அவை. முதலில் படைப்பிரிவு, அதன் கீழே பதவி, அதன் கீழே பெயர் என்று வரிசை போகிறது. ஐந்து மைல் தள்ளி இறந்தவரும் ஐயாயிரம் மைல் தள்ளிப் பிறந்தவரும் அந்தச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். விடுமுறை நாள்களில் அங்கே போகும்போது, இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்களை நிதானமாகப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மதராஸ் சேப்பர்கள் என்று அழைக்கப்பட்ட பொறியியல் படைப்பிரிவின் வரிசையைப் பார்த்தால், நம் தாத்தா, கொள்ளுத்தாத்தா காலத்துப் பெயர்கள் வரிசையாக வரும். 'சாமி' என்று முடியும் பெயர்களைப் பார்த்ததும் நின்றுவிடுவேன். சற்றுத் தள்ளி, தத்தம் சமய வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கான தனி நினைவுச்சின்னமும் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் இந்திய வீரர்கள்.

ஒரு சுவரால் இவ்வளவுதான் சொல்ல முடியும். இவர் இருந்தார், இந்தப் படையில் சேவை செய்தார், திரும்பவில்லை. மற்றதை எல்லாம் சொல்ல வேண்டியது ஏடுகளும் குடும்பங்களும்தான்.

ஒரு தேடலின் கதை

என்னுடன் வேலை செய்யும் நண்பர் வேலூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய ஆயாவின் அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூருக்கு வந்தவர். பிறகு தகவல் இல்லை. குடும்பத்துக்குத் தெரிந்தது மூன்றே விவரங்கள்: பெயர், தகப்பனார் பெயர், 'ரோடு, பாலம் போடுற பட்டாளம்'.

அந்த மூன்றாவது விவரம்தான் வழி காட்டியது. ரோடும் பாலமும் போடுவது சேப்பர்களின் வேலை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். 1917ல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, இரு உலகப் போர்களிலும் மாண்ட சுமார் 17 லட்சம் பேரின் நினைவைப் பராமரிக்கிறது. ஒவ்வொருவருக்கும் சேவை எண், பதவி, பிரிவு, இறந்த நாள், நினைவிடத்தில் பெயர் இருக்கும் தூணின் எண் ஆகியவை அதில் உண்டு. பல இந்திய வீரர்களுக்குத் தகப்பனார் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம்கூட இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், நம் பெயர்களில்தான். ஒரே பெயரை அன்றைய எழுத்தர்கள் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதினார்கள். குடும்பப் பெயர் என்பது நமக்கு இல்லாததால், பலர் ஒற்றைப் பெயரோடு பதிவானார்கள். ஒரே பெயரில் பல வீரர்கள் வந்து நின்றார்கள். எழுத்தை மாற்றி மாற்றித் தேடி, தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்துப்போகும் ஒருவரைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின.

மறுநாள் காலை கிராஞ்சிக்குப் போய், தூணிலிருந்த பெயரைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினோம். வீடியோ அழைப்பில் ஆயா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "பேரு மட்டுந்தான் போட்டிருக்காங்களா? எங்கண்ணன் தெருக்கூத்துல பாஞ்சாலி வேசம் கட்டுவான். அத எழுதலியா?"

எந்த இராணுவக் கோப்பிலும் அது இருக்காது. மாதாமாதம் வந்துகொண்டிருந்த மணியார்டர் நின்றுபோனது, தாயார் பல ஆண்டுகள் தபால்காரர் வரும் நேரத்தில் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது, அண்ணன் போன பிறகு அந்த ஊர்க் கூத்தில் பாஞ்சாலிக்கு ஆள் கிடைக்காமல் தவித்தது என்று அவர் பேசிக்கொண்டே போனார். நண்பர் 40 நிமிடம் பதிவு செய்தார். ஆயா இப்போது இல்லை. அந்தப் பதிவு இருக்கிறது. அண்ணனைக் கண்ணால் கண்டவர்களில் கடைசி ஆள் அவர்தான்.

காகிதத்தின் ஆயுள்

அரசாங்கக் கோப்பு என்றால் எப்போதும் பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் வீரர்களின் சேவைக் கோப்புகளில் பெரும்பகுதி, 1940 செப்டம்பரில் லண்டன்மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோனது. தப்பியவை இன்றும் 'எரிந்த ஆவணங்கள்' என்றே அழைக்கப்படுகின்றன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1973 ஜூலை 12ல் ஏற்பட்ட தீ, 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட சேவைக் கோப்புகளை அழித்தது.

நம்பிக்கை தரும் எடுத்துக்காட்டும் உண்டு. முதல் உலகப் போரில் பஞ்சாபிலிருந்து போன ஏறக்குறைய 3,20,000 வீரர்களின் விவரங்கள் அடங்கிய பதிவேடுகள், லாகூர் அருங்காட்சியகத்தில் 90 ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனிப்பாரின்றிக் கிடந்தன. அவற்றை மின்னிலக்கமாக்கும் பணியை பிரிட்டனில் உள்ள பஞ்சாபி மரபு ஆர்வலர்களும் கிரீனிச் பல்கலைக்கழகமும் கையில் எடுத்து, 2021ல் முதல் தொகுதியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டன. ஊர் ஊராகத் தேடலாம். பிரிட்டனிலும் கனடாவிலும் வாழும் பேரப்பிள்ளைகள், தங்கள் கிராமத்திலிருந்து யார் யார் போனார்கள் என்பதை முதன்முறையாகத் தெரிந்துகொண்டார்கள்.

அதே 2021ல் போர்க் கல்லறை ஆணையமே தன் கடந்தகாலத்தை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் மாண்ட ஆப்பிரிக்க, ஆசிய, மத்திய கிழக்கு வீரர்களிலும் சுமைதூக்கும் பணியாளர்களிலும் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ அல்லது எந்த விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. பெயர்ப் பட்டியல் தொலைந்த பின் மரியாதை செய்ய மனமிருந்தும் பயனில்லை.

சயாம் மரண ரயில்பாதையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அங்கே 12,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் இறந்தார்கள். கைதிகளே உயிரைப் பணயம் வைத்து இறந்தவர்களின் பட்டியலை எழுதி மறைத்துவைத்தார்கள். போர் முடிந்த சில வாரங்களிலேயே, 1945ல், ஒரு சிறு குழு ரயில்பாதை நெடுகப் பயணம் செய்து 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. அதனால்தான் இன்று காஞ்சனபுரியில் பெயர் தாங்கிய கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அதே பாதையில் மடிந்த மலாயாத் தோட்டத் தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை பல மடங்கு அதிகம். அவர்களுக்கு அப்படியொரு பட்டியலை எழுதிவைக்க யாரும் இல்லை. தோட்டத்துக் குடும்பங்களில் வாய்வழியாக வந்த கதைகள்தான் அவர்களுடைய பதிவேடு.

இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான். 1942 பிப்ரவரி 17ல் ஃபேரர் பார்க்கில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியக் கைதிகள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். சிலர் புதிய படையில் சேர்ந்தார்கள், சிலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் பலர் நியூ கினி வரை கொண்டுசெல்லப்பட்டு வேலை வாங்கப்பட்டு அங்கேயே மாண்டார்கள். பின்னர் தோட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் திரண்டார்கள். எஸ்பிளனேடில் 1945 ஜூலையில் சுபாஸ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் சில வாரங்களில் தகர்த்தார்கள். 1995ல் அந்த இடத்தில் ஓர் அடையாளச்சின்னம் வைக்கப்பட்டது. அதில் தனி மனிதர்களின் பெயர்கள் இல்லை.

எந்தப் பக்கம் நின்றது சரி என்ற விவாதம் நம் குடும்பங்களில் இன்றும் முடியவில்லை. முடிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் இரு பக்கத்தாரின் பெயர்களும் எழுதப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாம் செய்யக்கூடியது

வீட்டில் ஒரு பழைய பதக்கமோ சீருடையணிந்த படமோ இருந்தால், முதலில் அதைத் துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள். பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கலாம். அவை தேய்ந்தால் போயிற்று. சேவை எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பெயரை எழுதும் விதம் மாறலாம், எண் பெரும்பாலும் மாறாது.

படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், உறவுமுறை எழுதுங்கள். 'அப்பாவின் சித்தப்பா' என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்கு யாருடைய அப்பா என்று தெரியாது. கடிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல் காகித உறையில் வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதம் வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும்.

படைப்பிரிவு தெரிந்தால் இந்தியாவில் அதன் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டனிலும், சேப்பர்கள் மரபில் வந்த மதராஸ் பொறியியல் பிரிவுக்குப் பெங்களூரிலும் தலைமையகங்கள் உள்ளன. போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் வீரர்களின் வாழ்க்கைக் கதைகளைக் குடும்பங்களே எழுதிச் சேர்க்கவும் இடமிருக்கிறது. தமிழ்ப் பெயர்களின் கதைகள் அங்கே இன்னும் நிறைய வர வேண்டும்.

சிங்கப்பூரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் குரல்களைப் பதிவுசெய்து வருகிறது. ஜப்பானியர் ஆட்சிக்கால அனுபவங்களுக்கென்றே தனித் தொகுப்பு உண்டு. அதன் பல பதிவுகளை வீட்டிலிருந்தே கேட்கலாம். ஆனால் உங்கள் பாட்டியின் குரலைப் பதிவு செய்ய அவருடைய கைபேசி எண் உங்களிடம்தான் இருக்கிறது.

கேட்கும்போது போரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். என்ன சாப்பிடுவார், யாரோடு சண்டை போடுவார், எந்த வேலைக்குப் போனார் என்றும் கேளுங்கள். அவர் எந்தப் படையில் இருந்தார் என்பதை அரசாங்கம் எழுதிவைத்திருக்கும். அவர் பாஞ்சாலி வேடம் கட்டியதை நாம்தான் எழுத வேண்டும்.