முடி சூடா மன்னர் ஜிம் டிரிஸ்கல்

நங்கநல்லூர்த் தெருக்களில் மாலை வேளையில் நடந்து செல்லும்போது, பள்ளிப் பையோடு குத்துச்சண்டைக் கையுறைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு மிதிவண்டியில் விரையும் சிறுவர்களை இப்போதெல்லாம் காண்கிறோம். அத்தகைய சிறுவன் ஒருவனின் தந்தை, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்து, "சுவாமி, பிறரை அடிக்கப் பழகுவது நம் பிள்ளைகளுக்குத் தகுமா?" என்று கேட்டார். தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடி மூளையைப் பாதிக்கும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதை முதலில் அவருக்கு நினைவூட்டினோம். பிறகு ஒரு மனிதரின் கதையைச் சொன்னோம். அதையே வாசக அன்பர்களுக்கும் இங்கே எழுதுகிறோம்.

குத்துச்சண்டை நம் சென்னைக்குப் புதிதன்று. பழவந்தாங்கலில் ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால், இராயபுரமும் காசிமேடும் அதிகத் தொலைவில் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் துறைமுகத்தை ஒட்டிய அப்பகுதிகளில் இக்கலை வேரூன்றியது. உழைக்கும் மக்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டு, சார்பட்டா, இடியப்பா என்று பரம்பரைகள் வகுத்துப் போட்டியிட்டனர். 2021இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தால் இன்றைய இளைஞரும் இதனை அறிவர். நாம் சொல்லப்போகும் மனிதரும் ஒரு துறைமுகத்து ஏழை வீட்டுப் பிள்ளையே. ஆனால் அவருடைய துறைமுகம் கடல் கடந்து, வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் இருந்தது.

ஜிம் டிரிஸ்கல் 1880ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் அங்கே பிறந்தார். பெற்றோர் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கர். அவர்கள் குடியிருந்த நியூடவுன் பகுதியை மக்கள் 'சின்ன அயர்லாந்து' என்றே அழைத்தனர். குழந்தைக்கு ஒரு வயது நிறையுமுன்னரே தந்தை ரயில்வே சரக்கு நிலையத்தில் நேர்ந்த விபத்தில் மாண்டார். கைம்பெண்ணான தாய், கப்பல்களிலிருந்து சரக்கிறக்கும் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். தந்தையில்லாப் பிள்ளையின் நிலை எத்தகையது என்பதை ஜிம் ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர்.

சிறு வயதிலேயே அவர் ஒரு செய்தித்தாள் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். கையுறை வாங்க வசதி ஏது? அச்சகத்துக் கழிவுத்தாளைக் கைகளில் சுற்றிக்கொண்டு பையன்கள் தங்களுக்குள் சண்டை பழகினர். பின்னர், ஊர் ஊராகச் செல்லும் பொருட்காட்சிக் கொட்டகைகளில், வந்தவரோடெல்லாம் மோதும் குத்துச்சண்டைக்காரர் ஆனார். தரையில் விரித்த கைக்குட்டையின்மீது நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் தம்மை அடித்துவிடுபவருக்குப் பரிசு என்று அவர் அறைகூவுவாராம். தலையையும் இடுப்பையும் மட்டும் அசைத்தே அத்தனை குத்துகளிலிருந்தும் தப்பிவிடுவார் என்பர்.

1901இல் அவர் தொழில்முறைப் போட்டிகளில் இறங்கினார். அவருடைய எடைப் பிரிவு 'ஃபெதர்வெயிட்', அதாவது இறகு எடை. 126 ராத்தல், நம் கணக்கில் ஏறத்தாழ 57 கிலோ, அதன் உச்ச வரம்பு. பேருடல் படைத்தோரின் முரட்டு மோதல் இப்பிரிவில் இல்லை. விரைவும் கூர்மதியுமே இங்கு வெற்றி தரும். நிமிர்ந்து நின்று, இடக்கையை நேராக நீட்டி எதிராளியை அணுகவொட்டாமல் தடுப்பதே டிரிஸ்கலின் தனிச்சிறப்பு. 1906இல் ஜோ போக்கரை வென்று பிரித்தானிய வெற்றிவீரர் ஆனார். 1908இல் நியூசிலாந்தின் சார்லி கிரிஃபினை வென்று பேரரசுப் பட்டத்தையும் பெற்றார்.

இனி எஞ்சியிருந்தது உலகப் பட்டம் ஒன்றே. அது அமெரிக்கரான ஏப் ஆட்டெல் வசம் இருந்தது. அதை நாடி 1908ஆம் ஆண்டின் இறுதியில் டிரிஸ்கல் அமெரிக்கா சென்றார். அங்கு அவருடைய நுட்பத்தைக் கண்ட பத்திரிகையாளர்கள் வியந்து, 'நிகரற்ற ஜிம்' என்று பெயர் சூட்டினர். 1909 பிப்ரவரி 19ஆம் நாள் நியூயார்க்கில் அவரும் ஆட்டெலும் பத்துச் சுற்றுகள் மோதினர்.

இங்கே ஒரு விதியை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அக்காலத்தில் நியூயார்க்கில் நடுவர் புள்ளிக் கணக்கில் வெற்றி தோல்வி அறிவிக்கும் வழக்கம் இல்லை. எதிராளியை வீழ்த்தி எழவொட்டாமல் செய்தாலொழியப் பட்டம் கைமாறாது. சண்டை முழு நேரமும் நடந்து முடிந்துவிட்டால், யார் சிறந்தவர் என்பதை மறுநாள் செய்தித்தாள்களில்தான் படித்தறிய வேண்டும். அன்று களத்தருகே அமர்ந்திருந்த பத்திரிகையாளரில் மிகப் பெரும்பாலோர் டிரிஸ்கலே சிறந்தவர் என்று எழுதினர். ஆயினும் விதிப்படி பட்டம் ஆட்டெலிடமே இருந்தது.

இத்தகைய வெற்றிக்குப் பின், பட்டத்துக்காகவே மீண்டும் மோதும் வாய்ப்பு டிரிஸ்கலைத் தேடி வந்தது. பெரும்பணமும் காத்திருந்தது. அவரோ கப்பலேறி ஊர் திரும்பிவிட்டார்.

காரணம் என்ன? கார்டிஃபில் நாசரேத் இல்லம் என்ற பெயரில், நாசரேத் சகோதரிகள் எனும் கன்னியர் அனாதைக் குழந்தைகளைப் பேணி வந்தனர். அந்தக் குழந்தைகளுக்காக நிதி திரட்டும் காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொள்வதாக டிரிஸ்கல் முன்பே வாக்களித்திருந்தார். கொடுத்த வாக்கைத் தாம் மீறுவதில்லை என்பதே அவர் கூறிய காரணம்.

அன்பர்களே, இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கன்னியருக்கு ஒரு தந்தி அனுப்பி, அடுத்த ஆண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தால் யார் குறை கூறியிருப்பர்? உலகப் பட்டம் வென்று திரும்பினால் அந்த இல்லத்துக்குப் பன்மடங்கு பணம் தரலாமே என்றும் ஒருவர் வாதிட்டிருக்கலாம். அந்த வாதம் பொருளற்றதன்று. நம் வாழ்வில் சிறு வாக்குறுதிகளை நாம் தள்ளிவைப்பதும் இத்தகைய நல்ல காரணங்களைச் சொல்லித்தானே! ஆனால் தந்தையின்றி வளர்ந்த அம்மனிதர், எதிர்பார்த்துக் காத்திருக்கும் குழந்தைக்குக் கணக்குகள் விளங்கா, வந்தாரா வரவில்லையா என்பது மட்டுமே விளங்கும் என்பதை உணர்ந்திருந்தார் போலும். தமக்கு இழப்பு நேரினும் சொன்ன சொல் மாறாமை, திருப்பாடல் 15 போற்றும் நேர்மையாளரின் இயல்புகளுள் ஒன்றன்றோ?

அவர் கொடுத்த விலை சிறிதன்று. ஆட்டெல் 1912இல் ஜானி கில்பேனிடம் பட்டத்தை இழந்தார். டிரிஸ்கலுக்கோ அந்தப் பட்டம் கிட்டவே இல்லை. தாய்நாட்டில் புகழ் குவிந்தது. இறகு எடைப் பிரிவுக்கென நிறுவப்பட்ட முதல் லான்ஸ்டேல் பெல்ட்டை 1910இல் வென்றார். அதனை மும்முறை வென்று 1911இல் நிலையாகத் தமதாக்கிக்கொண்டார். 1912இல் ஐரோப்பியப் பட்டமும் வந்தது. 'உலக வெற்றிவீரர்' என்ற பெயர் மட்டும் வரவில்லை.

அவரைப் புனிதராக்கிக் காட்ட நாம் முயலவில்லை. 1910 டிசம்பர் 20ஆம் நாள், தம் நாட்டவரான ஃபிரெடி வெல்ஷுடன் கார்டிஃபில் மோதியபோது, எதிராளியின் போக்கால் சினந்து, பத்தாம் சுற்றில் அவரைத் தலையால் முட்டிவிட்டார். நடுவர் அவரைத் தகுதியிழந்தவராக அறிவித்தார். சொந்த ஊரில், சொந்த மக்கள் முன் நேர்ந்த தலைகுனிவு அது. சொல்லைக் காத்த மனிதரால் சினத்தைக் காக்க இயலாத நாளும் உண்டு.

முதல் உலகப் போரில் அவர் படைவீரர்களுக்கு உடற்பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றினார். போர் முடிந்தபின், உடல் நலிந்திருந்தும் மீண்டும் களமிறங்கினார். 1919 அக்டோபரில், வயதில் மிக இளையவரான பிரெஞ்சு வீரர் சார்ல் லெதூவைப் பல சுற்றுகள் தம் நுட்பத்தாலேயே திணறடித்தார். முடிவில் உடல் ஒத்துழைக்கவில்லை. பதினாறாம் சுற்றில் அவர் தரப்பினரே சண்டையை நிறுத்தினர். அத்துடன் அவருடைய களவாழ்வு முடிந்தது.

காசநோய் அவரை வாட்டியது. 1925 ஜனவரி 30ஆம் நாள், 44ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தைக் காண ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கார்டிஃப் தெருக்களில் திரண்டு நின்றனர். பட்டம் பெறாத ஒருவருக்கு ஒரு நகரமே வந்து வழியனுப்பியது. அவர் வாழ்ந்த நியூடவுன் குடியிருப்பு 1960களில் இடித்துத் தள்ளப்பட்டது. ஆனால் 1997இல் அவருடைய சிலையை அந்நகரம் எழுப்பியது. அமெரிக்காவிலுள்ள பன்னாட்டுக் குத்துச்சண்டைப் புகழ் மன்றமும் 1990இல் அவரைத் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டது.

இவ்வளவும் கேட்ட அந்தத் தந்தை சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "போன மாதமே பையனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னேன், சுவாமி. அலுவலக வேலையில் இன்னும் போகவில்லை" என்றார். நமக்கும் சுருக்கென்றது. படுக்கையில் கிடக்கும் ஒரு பெரியவருக்கு அடுத்த வாரம் வருகிறோம் என்று நாம் சொல்லி மூன்று வாரங்கள் கடந்திருந்தன. அவர் அன்று மாலை மகனோடு ரயிலேறினார். நாம் அந்தப் பெரியவர் வீட்டுக்குச் சென்றோம். கதவு திறந்தே இருந்தது. வாசலைப் பார்த்தபடியே அவர் படுத்திருந்தார்.

உங்கள் இல்லத்திலும் யாரேனும் அப்படி வாசலைப் பார்த்திருக்கக்கூடும். அவருக்குச் சொன்ன சொல்லை இவ்வாரமே நிறைவேற்றுங்கள்.