குருவுக்கு எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற முடியுமா? சட்டம் சொல்வது இதுதான்

ஆஷாட மாதப் பௌர்ணமி வந்தால் நாடு முழுக்க ஆசிரமங்களில் கூட்டம் அலைமோதும். வியாசரின் பிறந்த நாளாகக் கருதப்படும் குரு பூர்ணிமா அது. பாத பூஜை நடக்கும், பழம், வேட்டி, தட்சிணை என்று காணிக்கை குவியும். அதுவரை சரி. உங்கள் அப்பாவோ பெரியம்மாவோ 'இருக்கிற வீட்டையே குருவுக்கு எழுதி வைக்கிறேன்' என்று கிளம்பினால்?

முதலில் சாஸ்திரம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம். குருவைத் தெய்வமாகவே எண்ணிச் சரணடையச் சொல்லும் நூல்கள் நிறைய. ஆனால் பகவத் கீதை 4-ம் அத்தியாயத்தின் 34-வது சுலோகம் மூன்று விஷயங்களைச் சேர்த்தே சொல்கிறது: பணிவது, கேள்வி கேட்பது, சேவை செய்வது. பிரசங்கங்களில் முதலாவதும் மூன்றாவதும் அடிக்கடி காதில் விழும், நடுவில் இருப்பது ஏனோ அவ்வளவாக விழுவதில்லை. முண்டக உபநிடதமோ குருவுக்கும் தகுதி வைக்கிறது. அவர் வேதம் அறிந்தவராக, பிரம்மத்தில் நிலைத்தவராக இருக்க வேண்டும். அவரைத் தேடிப் போகும் சீடன் கையில் இருப்பது வேள்விக்கான சமித்து. அவ்வளவுதான், நிலப் பத்திரம் இல்லை!

பணத்தைத் தொட்டாலே உடம்பு கூசும் என்பார் ராமகிருஷ்ணர். அது உண்மையா என்று பார்க்க அவருடைய படுக்கைக்கு அடியில் நாணயத்தை ஒளித்து வைத்தார் நரேந்திரன், பிற்கால விவேகானந்தர். குரு கோபப்படவில்லை, சோதித்துப் பார்ப்பதுதான் சரி என்றார்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு, 'தகாத செல்வாக்கு' பற்றிப் பேசுகிறது. ஒருவர் இன்னொருவரின் மனதை ஆட்டுவிக்கும் இடத்தில் இருந்து, அதைப் பயன்படுத்தி ஆதாயம் அடைந்தால், அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம். குரு-சீடன் உறவும் இதில் அடங்கும். 1890-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்த்த மன்னு சிங் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். மறுமையில் ஆன்மாவுக்கு நன்மை கிடைக்கும் என்று நம்பி ஒரு முதியவர் தன் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பானது.

இத்தகைய வழக்கில் கொடுக்கல் வாங்கல் நியாயமற்றது என்று பார்த்தாலே தெரிந்தால், 'நான் செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பு குருவின் மேல் விழுகிறது. சீடர் சுயமாக யோசித்தாரா, வெளியாள் யாரிடமாவது ஆலோசனை கேட்டாரா என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். முழுச் சொத்தையும் கொடுத்தவருக்கும் ஒரு சிறு பகுதியைக் கொடுத்தவருக்கும் வித்தியாசம் உண்டு. விருப்பப்பட்டு, யோசித்துக் கொடுத்த காணிக்கையைப் பின்னால் மனம் மாறியது என்பதற்காக மட்டும் திருப்பிக் கேட்க முடியாது.

வீடு, நிலம் என்றால் தானப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும், 2 சாட்சிகள் கையெழுத்தும் தேவை. வெறும் வாய்ப்பேச்சிலோ வெள்ளைத்தாளிலோ கொடுத்தது தானமே ஆகாது. பதிவாகிவிட்டதா? ரத்து செய்யக் காரணமான உண்மைகள் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். பத்திர நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, முதலில் ஒரு சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள்.