விழாவும் விளம்பரமும்



செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் வருவதே விளம்பரம் என்று எண்ணியிருந்தேன். மக்களை ஓரிடத்தில் கூட்டிப் பொருளை நேரில் காட்டுவதும் விளம்பரமே என்பதைக் கோடை விடுமுறையில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் பயிற்சி பெற்றபோது அறிந்தேன்.

இம்முறையின் ஆற்றலை நாம் கண்டிருக்கிறோம். 2022 ஜூலையில் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடங்குமுன்பே, சென்னை நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாறிற்று. வேட்டி கட்டிய ‘தம்பி’ என்னும் குதிரை கைகூப்பி வரவேற்றது. ஆட்டம் அறியாதவரும் அதைப் பற்றிப் பேசினர்.

கண்காட்சியில் பயிற்சி மாணவனுக்கு மூன்று வேலைகள்: வருவோரை அழைத்தல், பொருளை விளக்குதல், விருப்பமுள்ளோர் விவரத்தைக் குறித்தல். மூன்றாவதே முக்கியம். பந்தல் பிரிந்தபின் மிஞ்சுவது அந்தப் பட்டியல்தான். மொத்தச் செலவைப் பெயர்களின் எண்ணிக்கையால் வகுத்தே விழாவின் பயனை மதிப்பிடுகின்றனர்.

முதல் நாள் என் பட்டியலில் பெயர்கள் குறைவு. “நீயே நாலு பேர் எழுதிக்கோ தம்பி” என்றார் உடனிருந்த ஒருவர். வகுக்கும் எண் பொய்யானால் விடையும் பொய். அடுத்த ஆண்டுப் பணமும் வீண் என்பது பிறகே எனக்கு விளங்கிற்று. அன்றிரவு, தாம்பரத்தில் காய்கறி விற்கும், பள்ளி செல்லாத என் தந்தையிடம் கூறினேன்.

“எடையில ஏமாத்துனா மறுநாள் யாருப்பா வருவா?” என்றார்.

மறுநாள் உள்ளதையே எழுதினேன். மேற்பார்வையாளர் முகம் சுளித்தார். ஆனால், அப்பட்டியலிலிருந்த ஒவ்வொருவரும் நான் நேரில் பேசிய மனிதர். கூட்டம் சேர்ப்பது திறமை; நம்பிக்கை சேர்ப்பதே வணிகம்.